எள்ளளவு உயிரின் குலமுறை

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள குண்டடம் என்னும் எம்மூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிலே கிடப்பது. ஐப்பசி கார்த்திகையில் வானம் இரங்கினால் சோளமும் கம்பும் விளையும். இரங்காதாயின், வெள்வேல மரங்கள் நின்ற கொறங்காட்டிலே கொழுக்கட்டைப் புல்லும் கருகிப்போக, கிளுவை வேலியின் உட்புறத்தே மாடுகள் நிழல் தேடி நிற்கும். இத்தகைய வறண்ட நிலத்திற் பிறந்த ஒருவன், ஈரஞ் சொட்டும் பெருங்காட்டின் இலைக்குப்பையிலன்றிப் பிறிதோரிடத்தும் உயிர் தரிக்கமாட்டாத ஒரு சிற்றுயிரைக் குறித்து எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், எட்டுக்காற் பிராணிகளை அறியவேண்டுமென்னும் வேட்கை எனக்கு அம்மண்ணிலேதான் தோன்றிற்று. முதல் மழை பெய்து ஓய்ந்த காலைப்போதில், செம்மண்ணின்மீது சிந்திய குங்குமம்போல ஊரும் பட்டுப்பூச்சியை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்காத சிறுவர் எம்மூரில் இலர். பழஞ்செய்யுட்கள் அதனை மூதாய் என்னும். பின்னையோர் இந்திரகோபம் என்றும் தம்பலப்பூச்சி என்றும் வழங்கினர். அதன் கால்களை எண்ணினால் எட்டு. மாட்டின் காதுமடலிற் பற்றிக்கொண்டிருக்கும் உண்ணியைப் பிடுங்கி எண்ணினாலும் எட்டே. அழகினால் யாவரும் போற்றும் ஒன்றும் அருவருப்பினால் யாவரும் நசுக்கும் ஒன்றும் நெருங்கிய சுற்றத்தன என்பதைப் பிற்காலத்துக் கல்லூரியிற் கேட்டபோது யான் வியந்தேன். அவ்வகுப்பிலேயே ஆசிரியர் மற்றொரு படத்தைக் காட்டி, “இஃது உண்ணியின் உருவுடையது, ஆயின் உண்ணியன்று” என்றார். அவ்வுயிரின் பெயர் பெட்டாலஸ்.

எட்டுக்கால் உடையவற்றுள் சிலந்தி, தேள், உண்ணி என்பன எல்லாரும் அறிந்தன. இவற்றின் வேறாக ஒப்பிலியோனெஸ் என்று விலங்குநூலார் வழங்கும் ஒரு பெருவகுப்பு உண்டு. மேனாட்டில் அறுவடைக் காலத்து வயல்களிலே மிகுதியாகத் தென்படுதலின் ஆங்கிலர் இவற்றிற்கு அறுவடையாளர் என்று பெயரிட்டனர். நாம் அறுவடையன் என்று சுருக்கிக்கொள்ளலாம். உலகெங்கும் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட அறுவடையன் இனங்கள் பெயர் பெற்றுள்ளன. நம் மலைகளில் ஈரப்பாறைகளின்மேலும் மரத்தடிகளிலும் மயிரிழை போன்ற நெடுங்கால்களுடன் கூட்டங் கூட்டமாய் அசைந்துகொண்டிருப்பன இவ்வகுப்பினவே. சிலந்திக்கு இடை சிறுத்து உடல் இரு கூறாய்த் தோன்றும். அறுவடையனுக்கோ உடல் ஒரே திரளை. அதற்கு நஞ்சில்லை, நூல் நூற்கும் உறுப்பும் இல்லை. (நூலையே பிழைப்பாகக் கொண்ட திருப்பூர் நாட்டார்க்கு இஃதொரு பெருங்குறையாகத் தோன்றலாம்.) சிலந்தி தன் இரையைக் கரைத்து நீராக்கி உறிஞ்சும்; அறுவடையன் சிறுசிறு துணுக்குகளாகக் கடித்து விழுங்கவும் வல்லது.

இவ்வகுப்பினுள் மிகச் சிறியனவும் மிகப் பழையனவுமான ஓர் உட்பிரிவுண்டு. அதற்குச் சைபோப்தால்மை என்று பெயர். நெடுங்கால்கள் இவற்றிற்கு இல்லை. உடலும் ஓடுபோல இறுகியது. நிறம் பெரும்பாலும் காய்ந்த இலையின் கபிலம். பருமன் எள்ளளவு, அன்றி அதனினும் குறைவு. ஆதலின் கண்டோர் உண்ணியென்றே கொள்வர். நான் இவற்றை உண்ணியுரு அறுவடையன் என்பேன். முதுகின் இருமருங்கிலும் குட்டையான கொம்புபோன்ற இரண்டு மேடுகள் இருக்கும். பகையினால் தீண்டப்பட்டவிடத்து அக்கொம்புகளின் வாயிலாக ஒருவகைக் காரநீர் கசியும். அஃதொன்றே அவ்வேழையின் படைக்கலம். வேகமாக ஓடவும் அதற்கு வலியில்லை. உண்ணிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஒரே தொடரிற் கூறவேண்டின், உண்ணி பிறர் குருதியை நாடி வரும். இதுவோ எவரையும் நாடி வருவதில்லை, நாமே குனிந்து தேடவேண்டும்.

இச்சிற்றுயிர்கள் நூலில் ஏறிய வரலாற்றில் சமயத்தொண்டர் இருவர்க்குப் பங்குண்டு என்பதை நம் கல்லூரி மாணவர்க்கு எடுத்துக் கூறுதல் தகும். பிரான்சு நாட்டு லத்ரெய்ல் என்பார் குருப்பட்டம் பெற்றவர். அந்நாட்டுப் புரட்சிக் காலத்திற் சிறைப்பட்டிருந்தபோது, சிறையறையில் அகப்பட்ட ஓர் அரிய வண்டு அவர்க்கு விடுதலை வாங்கித் தந்தது என்பது பூச்சிநூல் உலகறிந்த கதை. அவரே 1796ஆம் ஆண்டில் சைரோ என்னும் பேரினத்தை நிறுவினார். உண்ணியுரு அறுவடையன்களுள் முதலிற் பெயர்பெற்ற பேரினம் அதுவே. பின்னர் 1868இல் யோசேப் என்னும் ஜெர்மானியர், இன்று சுலோவீனியா எனப்படும் நாட்டின் குகைப் பகுதியிலே கிடைத்த ஒன்றிற்குச் சைபோப்தால்மஸ் என்று பெயர் சூட்டினார். கூனற்கண் என்பது அதன் பொருள். கொம்புகளைக் கண் தாங்கிய மேடுகளென்று கொண்டமையால் வந்த பெயர் அது.

இரண்டாமவர் இங்கிலாந்து தேசத்து டார்செட் பகுதியிலே பிளாக்ஸ்வொர்த் என்னும் சிற்றூர்த் திருச்சபைக்குக் குருவாயிருந்த ஆக்டேவியஸ் பிக்கார்டு கேம்பிரிட்ஜ். 1868 முதல் 1917இல் இறக்குமளவும் அச்சிற்றூரை விட்டு அகலாது ஊழியம் புரிந்த அவர்க்கு, உலகின் பல கோணங்களிலிருந்தும் சிலந்திகள் புட்டிகளில் வந்துகொண்டிருந்தன. ஞாயிறு பிரசங்கமும் திங்கள் சிலந்தியுமாக அவர் வாழ்நாள் கழிந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இலங்கையிலிருந்து கிடைத்த ஓர் உண்ணியுரு அறுவடையனை அவர் 1875இல் விவரித்து, சைபோப்தால்மஸ் சிமிசிபார்மிஸ் என்று பெயரிட்டார். பின்மொழிக்கு மூட்டைப்பூச்சி வடிவினது என்று பொருள். ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்ட காலத்திலே இதனை அவன் முன் கொண்டுவர மறந்தனர் போலும். பல்லூழி கழித்து வந்த பெயரும் மூட்டைப்பூச்சியின் பெயராய் வாய்த்தது!

அடுத்த ஆண்டாகிய 1876இல் சுவீடன் நாட்டுத் தோரெல் என்னும் பேரறிஞர், இஃது ஐரோப்பிய இனத்தினின்றும் வேறுபட்டதென்று கண்டு, இதற்கெனப் பெட்டாலஸ் என்னும் புதிய பேரினத்தை வகுத்தார். பெட்டாலஸ் என்பது ரோமப் புலவன் ஓவிட் பாடிய கதையொன்றில் வரும் ஒரு வீரன் பெயர். 1897இல் பொக்காக் என்னும் ஆங்கிலர் குறுவாலுடைய இனம் ஒன்றைச் சேர்த்து, பிரெவிகௌடா என்றனர். 1904இல் டென்மார்க்கு நாட்டு ஹான்சன், சோரென்சன் இருவரும் அதுகாறும் அறியப்பட்ட உண்ணியுரு அறுவடையன்கள் அனைத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து பெருநூல் ஒன்று வெளியிட்டனர். அதன்பின் இலங்கைப் பேரினத்திற்குப் புதிய இனம் எதுவும் ஒரு நூற்றாண்டுக் காலம் சேரவில்லை. 1980இல் அமெரிக்கராகிய ஷியர் என்பார் இதனைத் தலையாகக் கொண்டு பெட்டாலிடே என்னும் குடும்பத்தை நிறுவினார். 2006இல் பிரசாந்த் சர்மா, கொன்சாலோ ஜிரிபெட் இருவரும் லாம்பெட்டிடெஸ் என்னும் மூன்றாம் இனத்தை விவரித்தனர். ஓவிட்டின் கதையிலே பெட்டாலஸ் என்னும் வீரன் கையால் மடிந்த யாழ்ப்பாணன் பெயர் லாம்பெட்டிடெஸ்; கொன்றவனும் கொலையுண்டவனும் ஒரே பெயரில் முன்னும் பின்னுமாய் நிற்கின்றனர். 2009இல் இலங்கையராகிய கருணாரத்தினரும் அவ்விருவருடன் கூட, நான்காம் இனத்திற்குத் துவைட்சி என்று பெயரிட்டனர். பேராதனைத் தாவரத் தோட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நெடுங்காலம் நடத்திய துவைட்ஸ் என்பாரின் நினைவைத் தாங்கிய பெயர் அது.

இவ்வினங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிவது எங்ஙனம் என்று வினவலாம். பெண் உயிர்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆண்களின் உடலிறுதியை நோக்கல் வேண்டும்: பெட்டாலஸ் ஆணின் பின்புறம் வால்போல நீண்டு குவிந்திருக்கும், அவ்வாலின் நீளமும் பிளவும் இனத்திற்கினம் மாறும். மலவாயை மூடிய தகட்டின் வடிவம் ஓர் அடையாளம். அதன்மீதுள்ள மயிர்க்கற்றை மற்றொன்று. நான்காங் காலின் நுனிக்கணுவிலே ஆணுக்கு மட்டும் உரிய முள்போன்ற ஓர் உறுப்புண்டு. அதனடியில் சுரப்பி ஒன்று அமைந்திருக்கும். அதன் இருப்பிடமும் நோக்கத்தக்கது. எங்கள் வீட்டாருள் ஒருவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றிலே செக்கிங் மேசையில் இருபதாண்டு நின்றவர். இவ்வடையாளங்களை நான் அவர்க்கு விளக்கியபோது, “எங்கள் வேலையும் அதுதானே, ஒன்றுபோல் இருக்கிற ஆயிரம் பீசில் தையல் எங்கே மாறுகிறது என்றுதான் பார்க்கிறோம்” என்றார். பேராசிரியர் பலர் ஒரு மணிநேரம் கூறியும் மாணவர்க்கு விளங்காதது அவ்வொரு சொல்லில் விளங்கிற்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் மேசைக்கு வரும் பனியனுக்கு அளவும் மாதிரியும் முன்னரே எழுதப்பட்டுள்ளன. நம் மேசைக்கு வருவதற்கு மாதிரியை நாமே கண்டறிதல் வேண்டும்.

கண்ணைப் பற்றிய செய்தி தனியே கூறத்தக்கது. யோசேப் கண்ணென்று கொண்டவை நாற்றச் சுரப்பியின் வாயில்களே என்று தெளிந்தபின், உண்ணியுரு அறுவடையன்களுட் பல கண்ணற்றன என்பது நிலைபெற்றது. பெட்டாலிடே குடும்பத்தையும் நெடுநாள் குருட்டுக் குடும்பமென்றே எண்ணினர். 2006ஆம் ஆண்டின் ஆராய்ச்சியிலே, பெட்டாலசின் கொம்பினடியில் கண் பொதிந்திருத்தல் வெளியாயிற்று. கொம்பின் நுனியிலே தேடியவர்க்குக் கிடைக்காதது அதன் வேரிலே இருந்தது! தொல்காப்பியனார் மரபியலிலே உயிர்களை அறிவின் வகையாற் பகுத்து, எறும்பு முதலியவற்றை மூவறிவின என்றும், காண்டலும் உடைய நண்டு தும்பி முதலியவற்றை நாலறிவின என்றும் வைத்தார். அக்கணக்கின்படி நோக்கின், பெட்டாலஸ் 1875 முதல் 2006 வரை மூவறிவுயிராய் இருந்து, அதன்பின் நாலறிவுயிராய் உயர்வு பெற்றது எனலாம். இருட்குப்பையில் வாழும் அதற்கு அக்கண் எவ்வளவு பயன்படுமென்பது வேறு பேச்சு.

இனி, இவை வாழும் இடத்தைக் கூறுவேன். இப்பொருளிலே எனக்கு மிக்க ஈடுபாடுண்டு, வாசகர் பொறுத்தருள்க.

பெட்டாலஸ் என்னும் பேரினம் இலங்கைக்கே உரியது. அத்தீவிலும் தென்மேற்கிலும் நடு மலைநாட்டிலும் உள்ள ஈரவலயத்தைத் தவிரப் பிறவிடத்து இல்லை. அதன் குடும்பத்தாரைத் தேடிச் செல்வோமாயின், பாலக்காட்டிலோ கொச்சியிலோ அவர்கள் வீடு இல்லை. தென்னாப்பிரிக்காவில் பர்செல்லியா, பாராபர்செல்லியா என்னும் பேரினங்கள். மடகாஸ்கர்த் தீவில் மனங்கோட்ரியா. தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலே சிலியோகோவியா. ஆஸ்திரேலியாவின் கிழக்கே குவீன்ஸ்லாந்தில் ஆஸ்ட்ரோபர்செல்லியா, மேற்கே காரிபர்செல்லியா. நியூசிலாந்தில் ரகையா, அவோராகி, நியோபர்செல்லியா. தேசப்படத்தை விரித்து இவ்விடங்களிற் புள்ளியிட்டுப் பாருங்கள். நடுவே இந்துமகா சமுத்திரமும் பசிபிக்கும் அட்லாண்டிக்கும் கிடக்கின்றன. சிறகில்லை; நீந்தல் இயலாது; சிலந்திக் குஞ்சுபோல நூலை விட்டுக் காற்றிலேறி மிதக்கவும் வழியில்லை; அரைநாள் வெயில் பட்டால் உடல் வற்றிப்போம். இத்தகையது ஏழ்கடலையும் தாண்டிற்று என்பார் யார்?

உயிர் கடலைத் தாண்டவில்லை. நிலமே உயிரைச் சுமந்துகொண்டு நகர்ந்தது என்பதுதான் விடை. தென்னுலக நிலங்கள் ஒரு காலத்தே ஒன்றாய் இருந்தன என்னும் கொள்கையை 1885இல் சூயெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் விரித்து, அப்பெருநிலத்திற்குக் கோண்டுவானா நிலம் என்று பெயரிட்டார். நடு இந்தியாவிலே கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பாறைகளால் வந்த பெயர் அது. உலகப் பழங்கண்டத்தின் பெயர் நம் நாட்டுக் காடுவாழ் மக்களின் பெயராய் அமைந்தது நமக்கு மகிழ்ச்சி தருவதே. சூயெஸ் அந்நிலத்தின் பகுதிகள் அமிழ்ந்தன என்றார். 1912இல் வெகனர், அமிழவில்லை, நகர்ந்தன என்றார். ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகட்கு முன்னர் ஆப்பிரிக்காவினின்றும், பின்னர் அண்டார்க்டிகா ஆஸ்திரேலியாக்களினின்றும், ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகட்கு முன்னர் மடகாஸ்கரினின்றும் பிரிந்து, இந்தியாவும் இலங்கையும் ஒரு தெப்பம்போல வடக்கு நோக்கி மிதந்து வந்து ஆசியாவை முட்டின. அத்தெப்பத்தில் ஏறி வந்த பழங்குடியின் வழித்தோன்றல்தான் பெட்டாலஸ்.

இவ்விடத்தே லெமூரியாவை நினைப்பவர் பலர் இருப்பர். 1864இல் ஸ்கிளேட்டர் என்பார், மடகாஸ்கரின் தேவாங்கு போன்ற விலங்குகட்கும் நம் நாட்டு விலங்குகட்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, இடையே கடல்கொண்ட நிலமொன்று இருந்திருக்கவேண்டும் என்று கருதி அப்பெயரைப் புனைந்தார். அதனை நம்மவர் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர். கடல்கோள் பற்றிய நம் இலக்கிய மரபு தனக்கெனப் பெருமை உடையது. அதற்கு ஸ்கிளேட்டரின் முட்டுக்கொடுத்தல் வேண்டுவதில்லை என்பதே என் துணிபு. உண்ணியுரு அறுவடையன் சான்று கூறுவதும் மக்கள் தோன்றுதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு முற்பட்ட காலத்தைக் குறித்தேயாம்.

வடகிழக்கிலே மேகாலயா நாட்டில் 2007இல் உண்ணியுரு அறுவடையன் ஒன்றைக் கண்டு, அந்நாட்டுப் பெயரையே பேரினத்திற்கு இட்டு, இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் முதல் தலைவராகிய அன்னண்டேலின் பெயரையும் சேர்த்து, மேகாலயா அன்னண்டேலி என்று வழங்கினர். ஆயின் அது பெட்டாலசின் உறவன்று. மலேயா, சுமாத்திரா, போர்னியோ முதலிய கீழ்த்திசை நாடுகளிற் பரவிய ஸ்டைலோசெல்லிடே என்னும் பிறிதொரு குடும்பத்தது. தெப்பத்தில் வந்ததன்று, கரையிலிருந்து வந்தது.

மற்றொரு புதுமையும் நோக்கற்பாலது. பனியுகத்திலே, ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னர், கடல்மட்டம் இன்றையினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றதாதலின், அக்காலத்தே இராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம். யானை நடந்தது, பெட்டாலஸ் நடக்கவில்லை. இடையே நின்றது நீரன்று, வறட்சி. நம் இராமநாதபுரமும் அதற்கெதிரே இலங்கையின் வடபால் வறள்வலயமும் அதற்குக் கடலினும் கொடியவை. குண்டடத்து மண்ணில் அதனை விட்டால் ஒரு நாளும் தாங்காது.

அவ்வறள்வலயத்தை நடந்து கடந்தவர் எம்மூரார் சிலர். தோரெல் பெட்டாலஸ் என்னும் பெயரைப் படைத்த அதே 1876ஆம் ஆண்டில்தான் கொங்கு நாட்டார் இன்றும் அஞ்சி நினைக்கும் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. எம் முன்னோருள் ஒருவர், என் அப்பாருவின் பாட்டனார்க்குத் தம்பி முறையினர், அவ்வருஷத்திலே கங்காணி ஒருவனைப் பின்பற்றிக் கண்டிச் சீமைக்குப் போனார். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடக்கவேண்டும். அவ்வழியிலே வாந்திபேதியாலும் தாகத்தாலும் மாண்டவர் பல்லாயிரவர். அவர் பிழைத்தார். அக்காலத்தே மலைநாட்டில் காப்பித் தோட்டம் உச்சநிலையில் இருந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அதனைச் சிறிது சிறிதாக அழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. காப்பியாயினும் தேயிலையாயினும், முதல் வேலை காட்டை வெட்டி எரித்தலே. வெட்டிய கைகள் நம்மவர் கைகள். பெட்டாலஸ் குடியிருந்த இலைக்குப்பை சாம்பலாயிற்று. பஞ்சத்துக்குத் தப்பிய கூட்டத்தின் உயிர் அதனால் நிலைத்தது.

அவர் வழியில் வந்த குடும்பத்தார் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு எழுதப்பட்டு, தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவ்வுடன்படிக்கையால் இந்தியா ஏற்க இசைந்தவர் தொகை 5,25,000. அவருள் ஒருவர், பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பா ஆவார், இன்று கோத்தகிரியில் வாழ்கின்றார். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திலே பிறந்து, பத்து வயதிற் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். இங்கு வந்தும் தேயிலையிலேயே உழைத்து ஓய்ந்தவர். அவர்பால் நான் பெட்டாலசின் படத்தைக் காட்டி, கண்டதுண்டோ என்று வினவினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்தார்.

“அட்டையைத்தான் தம்பி தெரியும். காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவிக்கொண்டு போவோம். இவ்வளவு சின்னதை யார் பார்த்தது? தலையை நிமிர்த்தினால் கங்காணி ஏசுவான். குனிந்தால் கொழுந்து ஒன்றுதான் தெரியும்.”

சிறிது நேரங் கழித்து, “அங்கே மட்டுந்தான் இருக்கிறதா இது?” என்றார்.

“ஆமாங்க பெரியப்பா. ஒவ்வொரு மலைக்கும் வேறுவேறு இனம் இருந்திருக்கலாம். மழைக்காடு துண்டுபட்டுப் போனதனால் எத்தனை அழிந்தன என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.”

“அப்படியானால் நாங்கள் அழித்தோம் என்கிறாய்.”

“துரைமார் அழித்தார்கள் என்கிறேன்.”

“கோடரி துரை கையில் இல்லை தம்பி” என்றார். அவர் சினந்து கூறவில்லை. கணக்குத் தவறாமல் இருக்கவேண்டும் என்பார்போலக் கூறினார். யான் மறுமொழி கூற முயலவில்லை.

அக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஓர் உயிரின் இருப்பிடம் ஒரு மலைச்சரிவளவே என்றால், அச்சரிவை வெட்டியவன் ஓர் இனத்தை முழுதும் வெட்டியவனாகின்றான். அதனை அவன் அறியவும் மாட்டான். புலிக்கும் யானைக்கும் அஞ்சிக் காட்டை விட்டுவைத்தவருண்டு. எள்ளளவு உயிர்க்கு அஞ்சுவார் யார்? இலங்கையின் தேயிலை நிலம் இன்று ஏறத்தாழ 2 இலட்சம் ஹெக்டேர். ஈரவலயத்தில் எஞ்சிய காடுகளுள் சிங்கராஜாவை 1988இலும், நடு மலைநாட்டுக் காடுகளை 2010இலும் உலக மரபுச் செல்வமாக ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றது. அவற்றின் வெளியே, தோட்டங்களின் முகட்டிலும் ஓடைக்கரையிலும் ஒட்டிக்கிடக்கும் சிறு காட்டுத்துண்டுகளே பெரிதும் கவலைக்குரியன. பெயர்பெற்ற இனம் நான்கே ஆயினும், பெயர்பெறாத பெட்டாலஸ் இனங்கள் பல காட்சியகங்களின் புட்டிகளிலே உறங்குகின்றன என்பதை 2009ஆம் ஆண்டின் கட்டுரையாளர் எடுத்துக்காட்டினர். எடுத்த காடு இன்னும் நிற்கிறதா என்பது புட்டியின் சீட்டைக் கொண்டு அறியவொண்ணாது. நேரிற் சென்று காணல் வேண்டும்.

“இதனால் திருப்பூருக்கு என்ன வருமானம்?” என்று என்னை நேரே வினவியோர் உளர். வருமானம் ஒன்றுமில்லை என்று நேரே விடை கூறியும் உள்ளேன். பஞ்சம் பிழைக்கப் போன ஒரு குடியின் வரலாறும், கண்டம் பிரிந்தபோது சென்ற ஒரு குலத்தின் வரலாறும் ஒரே மலைச்சரிவில் வந்து முட்டுகின்றன. முன்னதற்குப் பட்டியும் பதிவும் உள. பின்னதற்கு அதன் உடலே பதிவேடு. அவ்வேட்டின் ஏடுகளிற் பல, படிக்கப்படுமுன்னே எரிந்தன. இதனை நான் துக்கமென்றே எண்ணுகின்றேன். பெரியப்பாவின் முன் அதனைச் சொல்லும்போது மட்டும் என் குரல் தாழ்கிறது.

சென்ற ஆண்டு நம் மாணவர் அறுவருடன், வனத்துறையாரின் இசைவு பெற்று, கோத்தகிரி மருங்கில் உள்ள சோலை ஒன்றின் இலைக்குப்பையைச் சலித்துப் பார்த்தோம். ஈரக்குப்பையை முதலிற் கையாற் பிசிர்ந்து, சல்லடையிலிட்டுக் குலுக்கி, கீழ்விழுந்த தூளை வெண்டுணியில் பரப்புதல் வேண்டும். பின்னர் ஒரு பகுதியைப் புனலிலிட்டு மேலே மின்விளக்கைத் தொங்கவிட்டால், வெப்பத்துக்கு அஞ்சிய சிற்றுயிர்கள் கீழிறங்கிச் சாராயப் புட்டியில் விழும். 1905இல் இத்தாலியராகிய பெர்லேசே கண்ட முறை இது. அவர் விளக்குக்கு மாறாக வெந்நீரைப் பயன்படுத்தினார். பெரியப்பாவும் ஒரு மணையிட்டு அருகில் அமர்ந்து, முறம் பிடித்துப் புடைத்துக் கொடுத்தார். தேயிலைத் தூள் சலித்த கைக்கு இது கடினமா என்றார். எறும்பும் உண்ணியும், இடுக்கிக் கைகளையுடைய பொய்த்தேள்களும், குட்டைக்கால் அறுவடையன் மூன்றும் கிடைத்தன. பெட்டாலிடே குடும்பத்தது ஒன்றும் இல்லை. அதனை நாங்கள் எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

அம்மூன்று அறுவடையன்களும் எவ்வினம் என்று துணிவதற்கு நான்காங் காலின் கணுக்களை அளந்து வரைதல் வேண்டும். அவை நம் விலங்கியற் கூடத்திலே சன்னலையொட்டிய அலமாரியின் இரண்டாந் தட்டிலுள்ள சிறு புட்டியில் இருக்கின்றன. சீட்டிலே இடம், நாள், உயரம் எழுதியுள்ளோம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் நுண்பெருக்காடி ஒழிந்திருக்கும். வரைதற்குக் கைத்திறன் உடைய மாணவர் யாரேனும் வந்தால் நலம்.